கரண்ட் வைக்கும் நாட்கள்: மார்பகப் புற்றுநோய்க் கதிர்வீச்சு பற்றிக் கேள்வி பதில்

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் 26 வருடம் மெடிக்கல் பிசிசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் எழுதும் அளவு சரியான இடத்தில் விழுகிறதா, பக்கத்தில் இருக்கும் இதயமும் நுரையீரலும் தப்பிக்கின்றனவா என்று கணக்குப் போடுவது என் வேலை. மார்பகத்துக்குக் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

பல்லாவரம்: அம்மாவுக்கு மார்பகத்தையே முழுசா எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு மேடம் கரண்ட்?

எடுத்தது மார்பகத்தை. நெஞ்சுத் தோல், தசை, காறை எலும்பை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து, அக்குள் நோடுகளில் (நிணநீர் முடிச்சுகளில்) எத்தனையில் நோய் இருந்தது என்று பாருங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கரண்ட் வேண்டும், அதில் பேச்சே இல்லை. 1 முதல் 3 வரை இருந்தாலும் நோய் திரும்புவதும் உயிரிழப்பும் குறைவதை, 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். நோடில் நோயே இல்லை, கட்டியும் சின்னது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது.

வேளச்சேரி: கட்டியை மட்டும்தான் எடுத்தார்கள். கரண்ட் வைத்தால் எவ்வளவு வித்தியாசம் வரும்? நம்பராகச் சொல்லுங்கள்.

10,801 பெண்களின் விவரத்தைச் சேர்த்து 2011இல் வந்த கணக்கு இது. கரண்ட் வைக்காதவர்களில் 10 வருடத்துக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம் பேருக்கு; வைத்தவர்களில் 19.3 சதவீதம். 15 வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 25.2 சதவீதத்திலிருந்து 21.4ஆகக் குறைந்தார்கள். அவை பழைய காலத்துச் சிகிச்சைகள் என்பதால் இன்றைக்கு இரண்டு பக்க எண்களுமே இன்னும் குறைவு. 65, 70 வயதைத் தாண்டி, சின்னக் கட்டியாக, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், கரண்ட் இல்லாமல் மாத்திரை மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பெரம்பூர்: கரண்ட் வைத்துவிட்டு வந்து பேரனைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம். மெஷின் நின்றவுடன் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். அவரை வீட்டில் ஒதுக்கி வைக்காதீர்கள்.

மடிப்பாக்கம்: தோல் கருக்கிறது. மஞ்சள், தேங்காய் எண்ணெய் தடவலாமா?

டாக்டர் கொடுத்த க்ரீம் தவிர எதுவும் வேண்டாம். தளர்வான பருத்தி உடை, வெறும் தண்ணீர், ஒற்றித் துடைப்பது போதும். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தோல் இன்னும் மோசமாகத் தெரியும், அப்புறம் ஆறும். இன்னொன்று, கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில் போட்ட கோடுகளை அழித்துவிடாதீர்கள். ஒரு தீபாவளிக்கு மறுநாள் ஒரு அம்மா வந்து படுத்தார். மாமியார் ஆசையாக எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டியதில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. மறுபடி சி.டி. எடுத்து, கோடு போட்டு, கணக்குப் போட இரண்டு நாள் போயிற்று. அந்த அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

அண்ணா நகர்: என் அத்தைக்குத் தனியாரில் 25 நாள் வைத்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 15 நாள்தான். கூட்டத்தைக் குறைக்கக் கை வைக்கிறார்களா?

இல்லை. இதே சந்தேகத்தில் இன்னும் ஆறு பேர் எழுதியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். கதிரின் அளவைக் கிரே என்று கணக்கிடுவோம். பழைய முறை 50 கிரே, 25 நாள், தினம் 2 கிரே. புதிய முறை 40 கிரே, 15 நாள், தினம் 2.67. மொத்தம் குறைந்தாலும் தினசரி அளவு கூடுகிறது. மார்பகப் புற்றுநோய் செல், மொத்த அளவோடு ஒவ்வொரு நாள் அடியின் பலத்துக்கும் மசிகிறது. பிரிட்டனில் 2,215 பெண்களை இரண்டு பிரிவாக்கி 10 வருடம் பார்த்தார்கள். அதே பக்கத்தில் நோய் திரும்பியது 25 நாள் பிரிவில் 5.5 சதவீதம், 15 நாள் பிரிவில் 4.3. தோல் சுருக்கம், வீக்கம் போன்றவையும் 15 நாளில்தான் குறைவு. 2020இல் 5 நாளில் 26 கிரே வைத்த ஆய்வும் வந்தது. அதிலும் 5 வருட முடிவு 15 நாளுக்குக் குறையவில்லை.

அண்ணா நகர், மறுபடி: அது வெள்ளைக்காரப் பெண்களுக்கு. நம் உடம்பு தாங்குமா?

தோல் எரிச்சலைக் கூட்டுவது மார்பகத்தின் அளவு, அடிமடிப்பு, புகைப்பழக்கம் போன்றவை. ஊரைப் பார்த்து அது மாறாது.

முகப்பேர்: அப்போ 25 நாள் வைத்தவர்கள் ஏமாந்தார்களா? என் அக்காவுக்கு 20 நாள். இது எந்தக் கணக்கு?

ஏமாறவில்லை. 25 நாள் தவறான சிகிச்சை அல்ல, நீளமானது. மார்பகத்தைத் திரும்ப உருவாக்கியவர்களுக்கு அதையே விரும்பும் டாக்டர்களும் உண்டு. அக்காவுக்கு 15 நாளோடு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 5 நாள் பூஸ்ட், அதாவது கூடுதல் கரண்ட், சேர்த்திருப்பார்கள். தயவுசெய்து அத்தை நாளையும் அக்கா நாளையும் பக்கத்தில் வைத்து எண்ணாதீர்கள். நாள் குறைவாக இருக்கிறது என்று பயந்து ஆஸ்பத்திரி மாறி, நடுவில் மூன்று வாரம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போரூர்: இடது பக்கம். இதயம் கெடுமா?

என் வேலையின் பாதி இதுதான். இதயத்துக்குப் போகும் சராசரி அளவில் ஒவ்வொரு கிரேக்கும் பெரிய இதயப் பாதிப்பின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுவதாக 2013இல் வந்த ஆய்வு சொன்னது. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மேல் கூடுவது அது, நூறில் ஏழு பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. அதனால்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறோம். நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் நெஞ்சுச் சுவரை விட்டு விலகும். திரையில் அந்த இடைவெளி தெரியும்போது எனக்கே மூச்சு வரும். இருபது நொடி பிடிக்க வேண்டியிருக்கும். இன்றிலிருந்தே வீட்டில் படுத்தபடி பழகுங்கள். பி.பி., சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

திருவொற்றியூர்: குழந்தை பக்கத்தில் படுக்கலாமா?

படுக்கலாம். பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆவடி: கோபால்ட் மெஷின் பழசு, வேண்டாம் என்கிறார்களே?

அந்த மெஷினுக்குள் கதிரை வெளிவிடும் கோபால்ட் உலோகத்தின் வீரியம் ஐந்தேகால் வருடத்தில் பாதியாகும். அதற்கேற்ப மேஜையில் படுக்கும் நேரம் கூடும், அளவு குறையாது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் 1950களிலேயே கோபால்ட் வந்து எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. இதயத்தை ஒதுக்குவதற்கு, மின்சாரத்தில் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷின் மேல். கிடைத்தால் அதில் வையுங்கள். கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

குரோம்பேட்டை: சோயா சாப்பிடலாமா? டமாக்சிபென் ஹார்மோன் மாத்திரை எத்தனை வருடம்?

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்பத்தூர்: கரண்ட் வைத்தவரை மற்றவர்கள் தொட்டால்...

ஒன்றும் ஆகாது. தொடுங்கள்.

ராயபுரம்: மனைவிக்கு 15இல் 9 நாள் முடிந்தது. தோல் உரிந்து எரிகிறது என்று நிறுத்திவிட்டோம். இன்றோடு 12 நாள். இனிமேல் போனால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள் தம்பி. திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் விட்ட கரண்ட் முழுப் பலன் தராது. தவறிய நாளை ஈடுகட்டக் கணக்கு உண்டு, ஆனால் ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அது கடினமாகும். உரிந்த தோலுக்கு மருந்து இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்வார். ட்ரீட்மென்ட் கார்டை எடுத்துக்கொண்டு நாளைக் காலை எட்டு மணிக்கே போய் உட்காருங்கள். காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.