வலம்புரியா, வெளிநாட்டு நத்தையா? சங்கு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வலம்புரிச் சங்கு என்று ஒருவர் காட்டுகிறார். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காசு கொடுக்கும் முன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக இருக்கும், விரலை விட்டாலே தட்டுப்படும். வலம்புரி என்று விற்பதில் நிறைய அமெரிக்கக் கடலோரத்து வேறொரு நத்தையின் ஓடு. அந்த இனமே அப்படித்தான் சுழலும், அதில் அபூர்வம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மடிப்பு வரிசை அதற்குக் கிடையாது, ஓடும் மெல்லிசு. நம் சங்கில்தான் வலம்புரி அபூர்வம், அதனால்தான் இத்தனை ஏமாற்று.

கேள்வி: வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

பதில்: தீர்த்தம் ஊற்றும் மூக்கு மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் வந்தால் வலம்புரி. உயிரியல் புத்தகங்களில் இதையே இடஞ்சுழி என்பார்கள், அவர்கள் சங்கைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் காரணம்.

கேள்வி: வினிகரில் ஊறப் போட்டால் பளிச்சென்று ஆகுமாமே?

பதில்: ஐயோ, வேண்டாம். சங்கு முழுக்கக் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். நுரை பொங்குவது அழுக்கு போவதால் அல்ல, உங்கள் சங்கு கரைவதால். போன மெருகு திரும்பாது. சோப்புத் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும்.

கேள்வி: கடலில் இருக்கும்போதே இவ்வளவு வெள்ளையா?

பதில்: இல்லை. மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும், அதை உரித்துத் தேய்த்தால்தான் வெள்ளை தெரியும்.

கேள்வி: அது என்ன சாப்பிடும், எப்படிக் குஞ்சு பொரிக்கும்?

பதில்: மணலில் உள்ள புழுக்களைத் தின்னும். முட்டைகளை வளைந்த ஆட்டுக்கொம்பு மாதிரி, அடுக்கடுக்கான ஒரு உறைக்குள் வைத்து, அதன் ஒரு முனையை மணலில் ஊன்றிவிடும். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து தூரம் போகும். சங்குக் குஞ்சு அப்படியல்ல, உறையை விட்டு வரும்போதே ஓட்டோடு ஊர்ந்துதான் வரும். அதனால் ஒரு இடத்தில் ஒட்ட அள்ளிவிட்டால், வேறெங்கிருந்தோ மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடையாது. 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்ப விடும் வழக்கத்தைச் சங்கு குளிப்பவர்களிடம் வைத்ததும் இதற்காகத்தான்.

கேள்வி: காதில் வைத்தால் கேட்பது கடல் சத்தம்தானே?

பதில்: இல்லை தம்பி, சுற்றியுள்ள சத்தம்தான் உள்ளே எதிரொலிக்கிறது. காலி டம்ளரை வைத்தாலும் கேட்கும்.