வழிகாட்ட வீட்டில் யாருமில்லையா, தம்பி?

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைப் பயிற்சிக்காக ஒரு கட்டுமான நிறுவனத்தில் அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. 200 கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தும் பதற்றத்தில் மறந்துபோகிறது. வழிகாட்ட வீட்டில் யாருமில்லை. அப்பா கொத்தனார், எட்டாம் வகுப்போடு நின்றவர். எப்படித் தயாராவது?

பதில்: தம்பி, 'வழிகாட்ட வீட்டில் யாருமில்லை' என்கிறாய். அடுத்த வரியிலேயே 'அப்பா கொத்தனார்' என்கிறாய். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாயா? எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னோடு அந்த நேர்முகத் தேர்வு அறை வாசலில் காத்திருக்கப்போகிறவர்களில் பலர் காங்கிரீட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கவே மாட்டார்கள். உனக்கு அது வீட்டுத் தொழில்.

மூன்றாம் ஆண்டு மாணவனிடம் அடிப்படையைத்தான் கேட்பார்கள். கூரைத் தளத்துக்கு கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் கனம், எவ்வளவு, தூணுக்கு எவ்வளவு, ஒரு மீட்டர் கம்பியின் எடை என்ன. 20 மி.மீ., 40 மி.மீ., மி.மீ. அளவில் கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும் என்று ஒப்பித்துவிடுவாய். உடனே 'ஏன்?' என்பார்கள். மனப்பாடம் அங்கேதான் கைவிடும்.

தளத்துக்குக் கம்பி கட்டும் நாளில் அப்பாவோடு போ. கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேள். கம்பி பலகையைத் தொட்டுக் கிடந்தால் பின்னால் துருப்பிடித்து, பருத்து, அடியில் காரை பெயர்ந்து விழும் என்பார். அப்படிப் பெயர்ந்த வீடுகளில் பூச்சு வேலை பார்த்தவராகவும் இருப்பார். அதைக் கேட்டபின் அந்த 20 மி.மீ. உனக்கு மறக்காது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவாரே, எத்தனை நாள் என்று கேள். சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்கு 10 நாள் என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அவர் பிரிக்கும் மூட்டையில் எது அச்சிட்டிருக்கிறது என்று குனிந்து பார்.

அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கலவை இளகலாக இருந்தால் கொட்டச் சுலபம் என்று தண்ணீரைக் கூட்டும் பழக்கம் நம் ஊர் வேலைகளில் உண்டு. கடுமையில்லாத சூழலில் எம்20 என்ற வலிமைத் தரக் காங்கிரீட்டுக்கு நீர்-சிமென்ட் விகிதம் 0.55ஐத் தாண்டக்கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. எத்தனை குடம் ஊற்றுகிறார்கள் என்று நின்று எண்ணு. அதிகமென்றால் சித்தாள்கள் எதிரில் சொல்லாதே. வீட்டுக்கு வந்து, அவர் குளித்துச் சாப்பிட்ட பிறகு, கணக்குப் போட்டுக் காட்டு. படிக்கவைத்த அப்பனுக்குப் பிள்ளை செய்யவேண்டிய கடமை அது.

சாரத்தில் வெயிலில் நின்று சம்பாதித்த கூலியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, அந்த மனிதரை 'எட்டாம் வகுப்போடு நின்றவர்' என்று ஒதுக்குவதைப் பதற்றம் என்று என்னால் ஏற்க முடியாது. அது நன்றி கெட்டதனம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கல்லூரி இல்லாத நாட்களில் அவரோடு வேலைக்குப் போ. கைகட்டி நிற்காமல் தூக்குக்குண்டு பிடி, டியூப்பில் மட்டம் பார். இரவில் ஒரு நோட்டில் இடப்பக்கம் அவர் சொன்னதையும் வலப்பக்கம் உன் பாடப் புத்தகம் சொல்வதையும் எழுது. இரண்டும் முரண்படும் இடங்களைக் கல்லூரி ஆசிரியரிடம் கேள்.

நேர்முகத்தில் பெரும்பாலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'என் அப்பா கொத்தனார். இந்த மாதம் அவரோடு நின்று ஒரு தளம் போடுவதைப் பார்த்தேன்' என்று தொடங்கு. அடுத்த கேள்விகள் அந்தத் தளத்தைப் பற்றியே வரும். நோட்டையும் கையோடு எடுத்துப் போ.