பழைய தோட்ட வீட்டில் கணினியை நாமே மாட்டுவதற்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

நீங்கள் சொன்னது: மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட வீடு, இணையத்தில் வாங்கிய பாகங்கள் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன, இதற்கு முன் கணினி மாட்டியதில்லை. அப்படியானால் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் சுவரில் உள்ள பிளக் பாயிண்டைப் பாருங்கள். பாகங்களை மாட்டுவது அரை நாள் வேலைதான். வீட்டு எர்த் (மின்கசிவைத் தரைக்குள் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) சரியில்லாவிட்டால் அதன் தொல்லை கணினி இருக்கும்வரை தொடரும்.

மூன்று முள் பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வயரிங்கில் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் இருக்கலாம். ஹார்ட்வேர் கடையில் மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். செருகினால் எர்த் இல்லையா, லைவும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும். எர்த் எவ்வளவு நல்லது என்பதை அது அளக்காது, அதற்கு வயர்மேன்தான் வேண்டும். மெயின் பெட்டியில் இஎல்சிபியின் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) டெஸ்ட் பட்டனை அழுத்தி, ட்ரிப் ஆனதும் எல்லாம் சரி என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அந்தப் பட்டன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது, வீட்டு எர்த்தை அல்ல.

எர்த் இல்லையென்றால் என்ன ஆகும்? பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும். எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராதபோது கேஸின் இரும்பில் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனாலும் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பலர் இதைக் கணினியின் கோளாறு என்று நினைத்து பாகம் பாகமாக மாற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு முள் அடாப்டர் போட்டுச் சமாளிப்பதும் இதே கதைதான். எக்ஸ்டென்ஷன் வாங்கினால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதாக வாங்குங்கள். இடி தாங்கும் எக்ஸ்டென்ஷன்கூட எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும்.

இடி என்றதும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையில் மழையும் இடியும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான், அதுவும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் அதிகம். காலையில் பசியாறியதும் தொடங்கிவிடுங்கள். பிறகு பயன்படுத்தும்போதும் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. கூடவே ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். டிவியைத்தான் திரையாக வைக்கப் போகிறீர்கள் என்றால், ஆஸ்ட்ரோ டிஷ் கம்பி வழியாக வரும் அடி டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்கும் வரலாம்.

நம் ஊர் ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறைவு. ஏர்கான் அறையில் அது கூடும். கையில் சுருக்கென்று படுவதற்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிப்பைக் கெடுக்க அதைவிட மிகக் குறைவே போதும் என்பதால், உணராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. எர்த் சரி என்று தெரிந்த பாயிண்டில் பவர் சப்ளையை மட்டும் செருகி, சுவர் சுவிட்சையும் பின்பக்கச் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். எர்த் முள் தொடர்பிலேயே இருக்கும். சுவர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், வீட்டில் யாராவது தட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் பவர் சப்ளையின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். கேபிள்களை மதர்போர்டில் செருகும் கட்டம் வந்ததும் மின்கம்பியை முழுதாகக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பழைய பவர் சப்ளையில் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230இல் இருக்கிறதா பாருங்கள். 115இல் வைத்து நம் கரண்டைக் கொடுத்தால் வெடித்துவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: காந்த முனை உள்ள 2ஆம் எண் பிளஸ் ஸ்குரூடிரைவர், எம்.2 எஸ்எஸ்டிக்கு (மதர்போர்டில் நேராகச் செருகும் சேமிப்புத் தகடு) சின்னது ஒன்று, ஸ்குரூ போட நான்கைந்து டப்பா, தலையில் மாட்டும் விளக்கு. மர மேசை நல்லது. மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். போர்டைச் சுற்றி வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வைத்து மின்சாரம் கொடுக்கக் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தக்கூடும். மின்விசிறி ஓடட்டும், நெற்றி வியர்வை மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் சொட்டுவதுதான் பெரிய ஆபத்து. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்துங்கள், உத்தரவாதத்துக்கு அனுப்பினால் கேட்பார்கள்.

முதல்முறை மாட்டுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பிராசசருக்கான 8 முள் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டினுடையது 6+2. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், மாற்றிச் செருகி அழுத்தித் திணித்தால் ஷார்ட். கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால் வேறு பிராண்டின் கேபிளைக் கடன் வாங்காதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். கேஸில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களை போர்டின் துளைகளோடு எண்ணிப் பொருத்துங்கள். ஏடிஎக்ஸ் எனும் பெரிய அளவு போர்டுக்கு வழக்கமாக 9. துளை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் மிஞ்சி நின்றால் போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது சர்வ சாதாரணம். வேலை முடிந்ததும் கேஸின் பின்பக்க வெற்றுத் துளைகளைத் தகடு போட்டு மூடுங்கள், தோட்ட வீட்டுப் பல்லிக்கு உள்ளே இருக்கும் சூடு ரொம்பப் பிடிக்கும்.

கேஸுக்குள் ஏற்றும் முன் வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், மதர்போர்டுக்கான 24 முள் கேபிள், பிராசசருக்கான 8 முள் கேபிள், அவ்வளவே. மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு முட்களையும் ஸ்குரூடிரைவரால் ஒன்றாக ஒரு நொடி தொட்டால் ஓடும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் படம் வராது, கிராபிக்ஸ் கார்டையும் மாட்டியாக வேண்டும். டிடிஆர்5 ரேம் என்றால் முதல்முறை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு புது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, நடுவில் அணைத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் கழித்தும் வராவிட்டால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் அதுதான் சரியாக உட்கார்ந்திருக்காது.