தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: ஆஸ்திரேலியா பணக்கார நாடு. அப்படியிருந்தும் அங்கே தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் குழந்தைகள் சத்துக் குறைவோடு வளர்வது ஏன்? தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. நான் குழந்தைநல நர்ஸ். ஆஸ்திரேலியாவின் நடுவில், வடக்குப் பிரதேசம் என்ற நிர்வாகப் பகுதியில் உள்ள அலீஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருந்துகொண்டு சுற்றியுள்ள பாலைவன ஊர்களுக்குப் போய்வருகிறேன். எதைக் கொடுத்தால் பிள்ளை தேறும் என்று தெரியாத பாட்டி யாரையும் அங்கே நான் பார்த்ததில்லை. தெரிந்ததைச் செய்ய வழியில்லாத வீடுகளைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

எங்கள் கவலையெல்லாம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித்தான். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும். எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த பிள்ளைக்கு அதற்கு முன்பே தீரும். அதன்பின் தாய்ப்பாலோடு இறைச்சி, ஈரல், முட்டை, காய்கறி என்று உள்ளே போக வேண்டும். சரியாக அந்த வயதில்தான் காதில் சீழ், வயிற்றுப்போக்கு, சிரங்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சீக்குப் பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாத பிள்ளைக்குச் சீக்கு சீக்கிரம் விடாது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்திருந்தால் இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறோம். எண் ஏறும். வீட்டில் எதுவும் மாறவில்லையென்றால் சில மாதங்களில் திரும்பவும் இறங்கும்.

சரி, வீட்டில் என்னதான் இருக்கிறது? எனக்குப் பழக்கமான ஒரு பாட்டியின் அடுப்படியைச் சொல்கிறேன். மின்னடுப்பில் நான்கு தட்டுகள், அதில் ஒன்றுதான் சூடாகும். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகி, அலமாரிப் பலகை ஊதிப்போயிருக்கிறது. ரிப்பேருக்குச் சொல்லி வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று. பேரன்கள் கங்காரு அடித்துக்கொண்டு வரும் நாளில் பாட்டி இந்த அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முற்றத்தில் குழி தோண்டி, தணலில் புதைத்துச் சுட்டு, ஈரலை விரலால் மசித்து எட்டு மாதப் பேத்திக்கு ஊட்டுகிறார். அந்த வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல உணவை என்னால் சொல்ல முடியாது. ஆனால் வேட்டைக்கு ஓடுகிற வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும். மற்ற நாட்களில் கடையை நம்பித்தான் இருக்க வேண்டும். வாங்கின இறைச்சியை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். விருந்தாக உறவினர்கள் வந்துவிட்டால் அது ஒரு வேளைக்கே காணாது.

இது ஒரு பாட்டியின் கஷ்டம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் பித்ஜந்த்ஜத்ஜரா மக்களின் நிலத்தில் ங்கனம்பா ஹெல்த் என்ற அவர்களுடைய சொந்த மருத்துவ அமைப்பு இருக்கிறது. 1980களில் அதன் இயக்குநராக இருந்தவர் யாமி லெஸ்டர். சிறுவனாக இருந்தபோது, 1953-ல் எமு ஃபீல்டில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனையின் கருமூட்டம் ஊருக்குள் வந்தபின் கண்பார்வையை இழந்தவர். எத்தனை வைத்தியம் பார்த்தாலும் ஜனங்கள் திரும்பத் திரும்ப நோயில் விழுவதைக் கண்டு, அவர்கள் சீக்காகாமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர் மூவரிடமும் கேட்டார். 1987-ல் வந்த அறிக்கை, ஆரோக்கியமாக வாழ ஒரு வீட்டில் ஒன்பது காரியங்கள் நடக்க வேண்டும் என்றது. பிள்ளையைக் குளிப்பாட்ட முடிவது முதலாவது. உணவைக் கெடாமல் வைத்து, நறுக்கி, சமைக்க முடிவது நான்காவது.

அதே குழு பிறகு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்துப் பழுது பார்த்தது. பழுதுகளில் 70 சதவீதம் வழக்கமான பராமரிப்பு இல்லாததால் வந்தவை. 21 சதவீதம் கட்டும்போதே செய்த தவறு. குடியிருப்பவர்கள் உடைத்ததோ தவறாகப் பயன்படுத்தியதோ 9 சதவீதம்தான். "எதைக் கட்டிக்கொடுத்தாலும் உடைத்துவிடுவார்கள்" என்று நகரத்தில் சர்வசாதாரணமாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும், கோபமும் வரும்.

அப்புறம் மின்சாரம். வடக்குப் பிரதேசத்தின் இந்த ஊர்களில் பெரும்பாலும் முன்பணம் கட்டும் மீட்டர். காசு தீர்ந்தால் கரண்ட் போய்விடும். 28 ஊர்களில் சுமார் 3,300 வீடுகளின் 2018-19 கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 91 சதவீத வீடுகளில் அந்த ஆண்டில் ஒரு தடவையாவது கரண்ட் நின்றிருக்கிறது. 74 சதவீத வீடுகளில் பத்துத் தடவைக்கு மேல். நாற்பது டிகிரி வெயிலில் கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் பாலும் இறைச்சியும் எத்தனை மணி நேரம் தாங்கும்?

கடையில் விலை நகர சூப்பர்மார்க்கெட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லாரி வரும் நாளில் கீரை பச்சையாக இருக்கும், அதற்குப் பிறகு வாடல்தான். மழை பெய்து மண்பாதை மூடிவிட்டால் அதுவும் கிடையாது. ஆனால் கடையை மாற்ற முடியும் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. இருபது ஊர்க் கடைகளில் பழம், காய்கறிக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் விற்பனை 12.7 சதவீதம் கூடியது. இன்னொரு சோதனையில், சர்க்கரைப் பானங்களைக் கண்ணில் படும் இடத்திலிருந்து எடுத்தார்கள், பெரிய பாட்டில்களை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை, தின்பண்டங்களுக்குத் தள்ளுபடி அறிவிக்கவில்லை. பன்னிரண்டு வாரத்தில், விற்ற பொருட்களில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 2.8 சதவீதம் குறைந்தது. கடையின் வியாபாரம் படுக்கவில்லை.

ஆனால் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். 2007-ல் மத்திய அரசு வடக்குப் பிரதேசத்து ஊர்களில் புகுந்து, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்து, உதவித்தொகையில் பாதியை இன்னதற்குத்தான் செலவழிக்கலாம் என்று முடக்கியது. பிள்ளைகளின் நலனுக்காக என்றுதான் சொன்னார்கள். நடுவயதுப் பெண்கள் இன்றைக்கும் அதை அவமானமாகத்தான் சொல்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1980-ல், மூன்று மாநில எல்லைகளையும் தாண்டிப் பரவியிருக்கும் பாலைவனப் பெண்கள் சேர்ந்து என்.பி.ஒய். (அங்குள்ள மூன்று பூர்வகுடி மக்களின் பெயர்களின் முதலெழுத்துகள்) பெண்கள் பேரவையைத் தொடங்கியிருந்தார்கள். நில உரிமைப் பேச்சுவார்த்தையில் தங்கள் குரலைக் கேட்கவில்லை என்பதுதான் தொடக்கக் காரணம். எடை ஏறாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க் கூடவே நிற்கும் வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கடைகளில் நல்ல உணவு நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும் என்ற 'மாய் விரு' கொள்கையை ங்கனம்பா ஹெல்த்தோடு சேர்ந்து முன்னெடுத்தவர்களும் அவர்கள்தான். அவர்களின் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே நடக்கும் பேச்சே வேறு. என்னிடம் தலையை மட்டும் ஆட்டும் இளந்தாய், பெரியம்மா முறையுள்ள ஒருவரிடம் பணம் எப்போது தீர்கிறது, யார் வந்து கேட்கிறார்கள், எந்த ராத்திரி பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்கிறாள். ஒரு பிள்ளைக்கு எடை ஏறாததன் காரணம் பல சமயம் அந்தப் பேச்சில்தான் வெளிவரும்.

2025-ல் 150-க்கும் மேற்பட்ட தொலைதூரக் கடைகளில் 30 அத்தியாவசியப் பொருட்களை நகர விலைக்கே கொடுக்கும் மானியத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. மனதார வரவேற்கிறேன், இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. அதோடு சேர்த்து நான் கேட்பது, ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் குழாயையும் புகார் வரும்வரை காத்திராமல் குறித்த காலத்தில் வந்து பார்த்துச் சரிசெய்ய நிரந்தரப் பணம். அந்த வேலைக்கு உள்ளூர் இளைஞர்களையே சம்பளம் கொடுத்துப் பழக்கலாம். 1987 அறிக்கைக்குப் பின் அந்தக் குழுவே அப்படித்தான் செய்துகாட்டியது.