‘கனிஷ்ட’ என்பது மணப்பெண்ணின் பெயர் அல்ல

கேள்வி: தென்காசிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பாட்டியின் தகரப் பெட்டியில் கையால் எழுதிய ஒரு பழைய கல்யாண அழைப்பு கிடைத்தது. தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். “சௌமிய வருஷம், அதாவது 1969. பெண்ணின் பெயர் கனிஷ்டா. காலை 5 மணிக்கு முகூர்த்தம்” என்றார். 1969-இல் எங்கள் குடும்பத்தில் கல்யாணமே நடக்கவில்லை. முழுவதும் படித்து வம்சாவளி எழுதித் தர 4,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? தாள் மடிப்பில் கிழிகிறது, லேமினேட் செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் லேமினேஷனைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது திருத்தவே முடியாத தவறு. சூட்டில் உருகும் பிசின் பழைய தாளோடு ஒன்றிவிடும். பிறகு யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் அது பழுத்து எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய மை சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்துவிடுங்கள். இனிப் படத்தைப் பார்த்துப் படித்தால் போதும்.

பழைய கையெழுத்திலேயே படிக்கச் சுலபமானது கல்யாண அழைப்புதான். நிலப் பத்திரத்தில் அடுத்த வரியில் என்ன வரும் என்று தெரியாது. இங்கே வாக்கியம் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும், வருஷம், மாதம், தேதி, கிழமை, லக்னம் வரும், ‘இஷ்டமித்திர பந்துஜனங்களுடன் விஜயம் செய்து’ என்று போகும். இந்தத் தெரிந்த சொற்களை முதலில் தேடிப்பிடியுங்கள். எழுதியவர் ‘ம’வை எப்படிச் சுழிக்கிறார், ‘த’வை எப்படி இழுக்கிறார் என்று அவற்றிலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கடைசியில் அந்தத் தாளை வைத்துப் படியுங்கள். பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

உங்கள் தாளில் புள்ளிகள் பல இடத்தில் இல்லை. அவசரமாகப் பல பிரதி எழுதியவர் விட்டிருப்பார். ‘ர’வும் காலும் (ா) ஒரே மாதிரி இருக்கின்றன. ‘லை’, ‘னை’ எல்லாம் முன்னால் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். அதனால் தும்பிக்கை ‘லை’யைக் காட்டி “நூறு வருஷம் பழசு” என்று யாராவது விலை பேசினால் நம்ப வேண்டாம்.

சரி, நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள முக்கியமான வரி இது: ‘சோபகிருது ௵ ஆவணி ௴ ௰௭ ௳ சௌமிய வாரம் உதயாதி ௫ நாழிகைக்கு மேல்.’ இதில் ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள். ௰ பார்க்க ‘ய’ மாதிரி இருந்தாலும் பத்து, ௭ ஏழு. ஆக, ஆவணி 17. இந்தக் குறிகளைப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு மூலையில் அச்சடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு குழந்தையையாவது தேதியை இப்படி எழுதிப் பழகவைத்திருந்தால், கொள்ளுத்தாத்தாவின் கடுதாசியைப் படிக்கக் கூலிக்கு ஆள் தேடும் நிலை வந்திருக்காது. எனக்கு இதில் ஆற்றாமை நிறைய உண்டு.

அவர் ‘சௌமிய’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதை வருஷமாக்கிவிட்டார். சௌமிய என்று ஒரு வருஷம் இருப்பது உண்மைதான், 1969 அதில் வருவதும் உண்மைதான். ஆனால் இங்கே அது கிழமை. சௌமிய வாரம் என்றால் புதன். பானு வாரம் ஞாயிறு, இந்து வாரம் திங்கள், குரு வாரம் வியாழன், சுக்கிர வாரம் வெள்ளி, ஸ்திர வாரம் சனி. நாழிகை என்பதும் மணி அல்ல, 24 நிமிஷம். உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து. ஐந்து நாழிகை இரண்டு மணி நேரம், ஆக முகூர்த்தம் காலை சுமார் எட்டு மணிக்கு மேல்.

சோபகிருது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்: 1903, 1963, 2023. எது உங்களுடையது என்பதைக் கிழமை சொல்லிவிடும். ஒரே தமிழ்த் தேதி 60 வருஷம் கழித்து வரும்போது கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளிப்போகும், அதே கிழமையில் விழாது. 1903-இல் புதன் என்றால் 1963-இல் திங்கள் அல்லது செவ்வாய். பழைய பஞ்சாங்கத் தொகுப்பில் ஒருமுறை பார்த்தால் முடிந்தது.

உங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயம் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தாளின் இடது மூலையில் ‘கொ’ என்று போட்டு ௲௭௰௯ என்று எழுதியிருக்கிறது. ௲ ஆயிரம், ௭௰ எழுபது, ௯ ஒன்பது. கொல்லம் ஆண்டு 1079. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களில் இந்த ஆண்டுக் கணக்கு வழக்கத்தில் இருந்தது. கொல்லம் ஆண்டுடன் 825-ஐக் கூட்ட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். கூட்டினால் 1904 வரும், சோபகிருது ஆவணியோடு ஒட்டாது, உடனே “எழுதினவர் தப்பாக எழுதிவிட்டார்” என்பார்கள். எழுதினவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தெற்கே கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கும், சித்திரையில் அல்ல. அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. உங்களுடையது ஆவணி 17, ஆண்டு பிறந்து இரண்டரை வாரம்தான் ஆகியிருக்கிறது. 1079-உம் 824-உம் சேர்ந்தால் 1903. அறுபது வருஷச் சுற்று கொல்லத்தில் கிடையாது என்பதால் இதற்கு மேல் சந்தேகமே வேண்டாம்.

‘கனிஷ்ட குமாரத்தி’ என்றால் கடைசி மகள். மூத்தவள் என்றால் ‘ஜேஷ்ட’ என்று இருக்கும். அதற்கு அடுத்து ‘சௌ.’ என்பது சௌபாக்கியவதி, அதற்கும் அப்புறம் வருவதுதான் பெண்ணின் பெயர். ‘பௌத்திரி’ மகன் வழிப் பேத்தி, ‘தௌகித்திரி’ மகள் வழிப் பேத்தி. இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் அப்பாவைப் பெற்றவர் அம்மாவைப் பெற்றவராகிவிடுவார், வம்சாவளி வேறு வீட்டுக்குப் போய்விடும். உங்கள் தாளில் இருப்பது பௌத்திரி.

ஆகவே அந்த 4,000 ரூபாய் கேட்பவரிடம் போகாதீர்கள். அழைப்பில் இருப்பது மூன்று தலைமுறைப் பெயர்கள்தான். அதற்கு மேல் ஏழு தலைமுறை எழுதிக் கொடுப்பவர் கற்பனையிலிருந்து எழுதுகிறார். அசலை “ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன்” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கடுதாசி அப்படிப் போய்த் திரும்பியதுதான். தபால் உறையோடு போனது, உறை இல்லாமல் வந்தது. பழைய தபால்தலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. அந்த உறையின் முத்திரையில்தான் தேதி இருந்திருக்கும்.

இன்னும் மோசம், சில அலுவலகங்களில் இப்படிப்பட்ட தாளுக்கு “சான்றொப்பமிட்ட பெயர்ப்பு” கேட்பது. முத்திரை வைப்பவருக்கு ௰௭ என்பது எந்தத் தேதி என்று தெரியாது. ஆனாலும் வட்ட முத்திரை இருந்தால் தப்பான வாசிப்பும் செல்லும், இல்லாவிட்டால் சரியான வாசிப்பும் செல்லாது. இந்த நடைமுறைதான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. அப்படி யாராவது கேட்டால், வரிக்கு வரி இக்காலத் தமிழில் எழுதி, ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அதன் பொருளைப் போட்டு, படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

தாளின் பின்பக்கத்தை நீங்கள் படம் எடுக்கவில்லை. முன்பக்கத்தின் அடியில் ௹ என்ற ரூபாய்க் குறி பின்னாலிருந்து ஊறித் தெரிகிறது, அதை ஒட்டி வரிசையாகச் சில பெயர்கள் இருப்பது போலவும் தெரிகிறது. மொய்க் கணக்காக இருந்தால் உறவுக்காரர்களின் பெயரும் ஊரும் மொத்தமாகக் கிடைத்துவிடும். அதையும் ஜன்னலோரம் வைத்து எடுத்து அனுப்புங்கள்.