பாம்பனில் அளந்த சாளை எல்லாம் ஒரே அளவா? முதலில் வலையைப் பாருங்கள்

நீங்கள் போட்ட கேள்வியைப் படித்தேன். புராஜெக்டுக்காக பாம்பன் கரையில் அளந்த சாளை மீன் எல்லாம் 14லிருந்து 16 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கு, அப்போ குஞ்சு மீனே கடலில் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். நாட்டுப்படகில் வருவது பெரும்பாலும் செவுள் வலை மீன், அந்த வலையின் கண்ணுக்குள் சின்னது நழுவிப் போய்விடும், பெரியது தலையை நுழைக்கவே முடியாமல் திரும்பிவிடும், நடுவில் இருப்பதுதான் செவுளில் மாட்டும், ஆக நீங்கள் அளந்தது கடலை இல்லை, வலைக்கண்ணை.

கரையில் நின்றே இழுக்கும் கரைவலை இருக்கும் இடத்திலும் அளந்து பாருங்கள், அதில் சின்னதும் மாட்டும், படம் மாறும். ஒவ்வொரு குவியலுக்கும் என்ன வலை, கண் எத்தனை மில்லிமீட்டர், வடகடலா தென்கடலா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள் (பாம்பனில் இதைக் கேட்காமல் விட்டால் வடக்கே உள்ள பாக் விரிகுடாவும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவும் ஒரே கணக்கில் கலந்துவிடும்). வியாபாரி தரம் பிரிப்பதற்கு முன்னாடியே கூடையில் கைக்கு வந்ததை எடுங்கள், பெரிசாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. நீளத்தை அளப்பது வால் நுனி வரைக்குமா, வால் பிளவு வரைக்குமா, ஏதாவது ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, கிராஃபில் அந்தப் பள்ளத்தைப் பார்த்து மீன் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முடிந்தால் சில மீன்களின் வயிற்றைக் கீறி சினை இருக்கா என்றும் பாருங்கள், முதிர்ந்த மீனா இல்லையா என்பதை நீளம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கு, அளவு குறிக்கும் உங்கள் படிவத்தை ஒரு தடவை அங்கே காட்டிவிட்டு மிச்சத்தை அளக்கலாம்.