ஜவ்வரிசி ஆலைத் திப்பியை சைலேஜ் (குழியில் காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் தீவனம்) போட்டு மாட்டுக்குக் கொடுத்தால் சத்து கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பாதிச் சத்துதான். சேலம், நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பி என்பது கிழங்கிலிருந்து மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை; அதிலும் ஸ்டார்ச் நிறையத் தங்கிவிடும், அதனால் எரிசக்திக்குக் குறைவில்லை. புரதம்தான் பரிதாபம்: காய்ந்த திப்பியில் 2-3 சதவீதம் தேறினாலே அதிகம், கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். குழியில் போட்டு மூடினால் புரதம் கூடிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிக் கூடுவதில்லை. காற்றுப் புகாமல் அழுத்தி மூடும்போது லாக்டிக் அமிலம் உண்டாகி திப்பி கெடாமல் இருக்கும், மரவள்ளியின் சயனைடு நச்சும் குறையும், அவ்வளவுதான்.

ஈரத் திப்பியில் பெரும்பகுதி தண்ணீர், அப்படியே குழியில் கொட்டினால் சாறு வடிந்து சத்தும் போய்விடும். நறுக்கிய காய்ந்த சோளத்தட்டையைக் கலந்து போடுங்கள். மாட்டுக்கு வைக்கும்போது புரதத்துக்காகப் புண்ணாக்கோ வேலிமசால் என்ற பசுந்தீவனமோ சேர்க்க வேண்டும், தாது உப்பும்தான். அப்புறம், ஒரே நாளில் அள்ளிக் கொட்டாதீர்கள், வயிற்றில் அமிலம் ஏறி மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும். பூஞ்சை பிடித்ததை எருக்குழியில் போடுங்கள், காசு போனால் போகட்டும்.